சீரியல் செட் முதல் கம்பியில்லாக் கன்ட்ரோலர் வரை: அலங்கார விளக்குச் சரத்தின் வரலாறு

ஆடி மாதத்தில் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் தெருவுக்குத் தெரு அம்மன் திருவிழா நடைபெறும். சவுக்குக் கம்பங்களை நட்டு, அம்மன் உருவத்தில் விளக்குகள் பொருத்திய பெரிய பலகையைத் தெருமுனையில் நிறுத்துவது வழக்கம். அந்த விளக்குச் சரத்தை மக்கள் 'சீரியல் செட்' என்கின்றனர். விளக்குகளைத் தொடர் இணைப்பில் கோத்ததால் வந்த பெயர் இது. இன்று பல்பு போய் எல்இடி வந்துவிட்டது. ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டுகிறது, கைப்பேசியிலிருந்தே அதை இயக்கவும் முடிகிறது. ஆனால் பெயர் மாறவில்லை. பழைய செட்டின் முக்கியமான குறை ஒன்றும் முழுதாக நீங்கவில்லை.

தொடர் இணைப்பும் உருளையும்

மின்விளக்குச் சரத்தை அலங்காரத்துக்குப் பயன்படுத்திய முன்னோடியாக எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் குறிப்பிடப்படுகிறார். இவர் 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 விளக்குகளை எரியவிட்டார்.

தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் புழங்கிய சீரியல் செட்டின் கணக்கு எளியது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். டார்ச் விளக்கில் போடுவது போன்ற சிறு பல்பு 6 வோல்ட். 230ஐ 6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38. எனவே 38 அல்லது 40 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் மின்மாற்றி இல்லாமலே எரியும். ஆனால் ஒரே ஒரு பல்பின் இழை அறுந்தாலும் நாற்பதும் அணைந்துவிடும். எது போனது என்று அறிய, கம்பத்தில் ஏறி ஒவ்வொன்றாகச் சோதித்து வரவேண்டும்.

இதில் ஆபத்தும் இருந்தது. ஆறு வோல்ட் பல்புதானே என்று பலர் அலட்சியமாகக் கை வைப்பதுண்டு. பழுதான பல்பைக் கழற்றியதும், அந்த இடைவெளியின் இரு முனைகளுக்கும் நடுவே முழு 230 வோல்ட்டும் நிற்கும். ஆடி மாத மாலை மழையில் நனைந்த கம்பத்தின் மேல் நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

விளக்குகளை ஓடவிட உருளை பயன்பட்டது. மர உருளையின் மேல் உலோகத் தகடுகளை அடித்து, அதைச் சிறு மோட்டாரால் சுழற்றுவர். தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகடுகளை வெட்டி அடிக்கும் விதத்தில்தான் அம்மன் கையிலுள்ள சூலம் அசைவதும், சக்கரம் சுழல்வதும் அமைந்தன. இன்றைய மொழியில் சொன்னால் அந்த உருளைதான் நிரல். அதை எழுதியவர் தச்சு வேலையும் வயரிங்கும் ஒருசேர அறிந்தவர். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1965இலும் வந்தபின், ஃபிட்டர், வயர்மேன் வேலை தெரிந்தவர்களுக்கு இப்பகுதியில் பஞ்சமிருக்கவில்லை. பிற்காலத்தில் உருளையின் வேலையை 555, 4017 என்னும் இரு சில்லுகள் செய்தன. 1972இல் விற்பனைக்கு வந்த 555 தாளம் போடும்; 4017 பத்து வரை எண்ணும். இவற்றிலும் வரிசைக்கு ஒரு கம்பி என்பது மாறவில்லை. பத்து வரிசைக்குப் பத்துக் கம்பி இழுத்தே ஆகவேண்டும்.

பந்தியில் இலை வாங்குவது போல

சிவப்பு எல்இடியை நிக் ஹோலன்யாக் 1962இல் உருவாக்கினார். நீலம் கிடைக்கத்தான் தாமதமாயிற்று. பிரகாசமான நீல எல்இடியை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய சுஜி நகமுரா 1993இல் கொண்டுவந்தார். இவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலம் வந்தபின்தான் மூன்று அடிப்படை நிறங்களையும் கலந்து எந்த நிறத்தையும் காட்ட முடிந்தது.

2010களின் தொடக்கத்தில் சீனாவின் வேர்ல்ட்செமி நிறுவனம், மூன்று நிற எல்இடியோடு சிறு கட்டுப்பாட்டுச் சில்லையும் ஒரே உறையில் அடக்கி டபிள்யூஎஸ்2812 என்ற பெயரில் விற்றது. இதன் வேலைமுறை பந்தியில் இலைக்கட்டைக் கைமாற்றுவது போன்றது. முதலில் அமர்ந்தவர் ஓர் இலையை எடுத்துக்கொண்டு கட்டை அடுத்தவரிடம் தருவார். அவரும் அப்படியே செய்வார். அதேபோல் முதல் விளக்கு, வரும் தரவில் முதல் 24 பிட்டைத் தன் நிறமாக வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த விளக்குக்கு அனுப்புகிறது. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி போதும். 300 விளக்குகளுக்கும் நிறம் சொல்லி முடிக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. பத்துக் கம்பி செய்த வேலைக்கு இப்போது ஒரே தரவுக் கம்பி.

இதனை 'முகவரியிடக்கூடிய எல்இடி' என்பர். உண்மையில் எந்த விளக்குக்கும் தன் எண் தெரியாது. வரிசையில் நிற்கும் இடமே முகவரி. நடுவில் ஒருவர் கட்டைக் கைமாற்றாமல் விட்டால் பின்னால் இருப்பவர்கள் எவருக்கும் இலை கிடைக்காது. சீரியல் செட்டின் பழைய நோய் இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

உரிமமும் வைஃபையும்

இந்தியாவில் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பது நெடுங்காலம் அரசின் அனுமதிக்கு உட்பட்டது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் அதை வகுத்தது. வீட்டு வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2005 ஜனவரி 28 அன்று வெளியான விதிகள் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் குறைந்த திறன் கொண்ட கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்களித்தன. வைஃபை இயங்குவது இந்த வரிசையில்தான். இந்த விலக்கு இல்லையேல் திருவிழா விளக்குக்கும் டெல்லியின் அனுமதியைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 என்னும் மலிவான வைஃபை சில்லு 2014இல் ஆர்வலர்களிடையே பரவியது. தொடக்கத்தில் சீன மொழியில் மட்டுமே இருந்த அதன் குறிப்பேடுகளை ஆர்வலர்களே மொழிபெயர்த்துக்கொண்டனர். இதற்காகவும் பின்வந்த இஎஸ்பி32க்காகவும் ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஷ்வின்னே டபிள்யூஎல்இடி என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார். விளக்குகளை ஓட்டும் ஃபாஸ்ட்எல்இடி நிரலகத்தை உருவாக்கிய டேனியல் கார்சியா, 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாக் கடலில் 34 பேரைப் பலிகொண்ட கான்செப்ஷன் படகுத் தீ விபத்தில் இறந்தார். அவர் எழுதியதைப் பிறர் இன்றும் தொடர்கின்றனர்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சில்லில் மென்பொருளை ஏற்றியதும் அது தானே ஒரு வைஃபை வலையமைப்பை உருவாக்கும். கைப்பேசியை அதனுடன் இணைத்து, உலாவியில் 4.3.2.1 என்று தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். விளக்குகளின் எண்ணிக்கை, வகை, தரவுக் கம்பி இணைந்துள்ள முனை ஆகியவற்றை அங்கே குறிக்க வேண்டும். தொடக்கக் கடவுச்சொல் எல்லாக் கருவிக்கும் ஒன்றே. அதை மாற்றாமல் தெருவில் மாட்டினால், கூட்டத்தில் நிற்கும் எந்தச் சிறுவனும் அம்மனின் நிறத்தை மாற்றிவிடலாம்.

பலர் தடுமாறுவது மின்சாரத்தில். பட்டை 5 வோல்ட்டில் இயங்குவதால் பட்டையைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் மின்னோட்டம் மிகுதி. முழு வெண்மையில் ஒரு விளக்குக்கு 60 மில்லியாம்பியர் என்றால் 300 விளக்குக்கு 18 ஆம்பியர். மெல்லிய கம்பி சூடேறி உருகும். மின்னழுத்தம் வழியில் குறைவதால் பட்டையின் கடைசியில் வெள்ளை மங்கிச் செம்மஞ்சளாகும். சிவப்பைவிட நீலத்துக்கும் பச்சைக்கும் அதிக வோல்ட் தேவைப்படுவதே காரணம். பட்டையின் இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் இது சரியாகும். இஎஸ்பி தருவது 3.3 வோல்ட் குறிப்பலை, பட்டை எதிர்பார்ப்பதோ 3.5 வோல்ட். சில நேரம் விளக்குகள் காரணமின்றி மினுக்குவது இதனால்தான். 74ஏஎச்சிடி125 போன்ற சில்லை இடையில் வைத்தால் நிற்கும். சில்லு, பட்டை, பவர் சப்ளை மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருப்பது கட்டாயம். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை மட்டும் மழையில் நனையாத இடத்தில் இருக்க வேண்டும்; பழைய ஆபத்து முழுவதும் இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

வரிசை அறுபடும் குறைக்கு டபிள்யூஎஸ்2815 போன்ற பட்டைகளில் இரண்டாவது தரவுக் கம்பி சேர்க்கப்பட்டுள்ளது. ஒரு விளக்கு பழுதானால் அடுத்தது அதைத் தாண்டி முந்தைய விளக்கிடமிருந்து தரவைப் பெறும். அடுத்தடுத்து இரண்டு பழுதானால் ஏணியை எடுத்துக்கொண்டு ஏறத்தான் வேண்டும்.