வீட்டு வாகன உயர்த்தி

வீட்டு வாகன உயர்த்தி என்பது வீடுகளின் வாகனக் கொட்டிலில் நிறுவப்பட்டு, மகிழுந்து, சிறு சரக்குந்து முதலிய வாகனங்களைத் தரையிலிருந்து மேலே தூக்கி நிறுத்தப் பயன்படும் எந்திரம் ஆகும். பேச்சு வழக்கில் இது கார் லிஃப்ட் எனப்படுகிறது. நெடுங்காலம் பழுதுபார்க்கும் நிலையங்களில் மட்டுமே காணப்பட்ட இவ்வெந்திரம், வீட்டோடு இணைந்த பெரிய கொட்டில்களும், தம் வாகனத்தைத் தாமே பழுதுபார்க்கும் பழக்கமும் பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டுப் பயன்பாட்டுக்கும் வாங்கப்படுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்க நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது.

வீடுகளில் நிறுவப்படும் இரு தூண் உயர்த்தி ஒன்றின் எடை பொதுவாக 600 முதல் 850 கிலோகிராம் வரை இருக்கும். ஆகவே இதனை வாங்குவது ஏனைய வீட்டுக் கருவிகளை வாங்குவதிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. கொட்டிலின் கூரை உயரம், தரையின் வலிமை, சரக்கைப் பெற்றுக்கொள்ளும் முறை ஆகிய மூன்றும் எந்திரத்தின் விலையைக் காட்டிலும் முதன்மையானவை. முதல் இரண்டில் நேரும் பிழை வாகனத்தின் அடியில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்றாவதில் நேரும் பிழையால் செலுத்திய பணம் முழுவதையும் இழக்க நேரிடலாம்.

வரலாறு

உயர்த்திகள் தோன்றுவதற்கு முன்னர், தரையில் வெட்டப்பட்ட குழிக்குள் இறங்கி நின்றே வாகனங்களின் அடிப்பகுதி பழுதுபார்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்ஃபிசு நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி என்பவர் 1925ஆம் ஆண்டில் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் வாகன உயர்த்தியை உருவாக்கினார். முடிதிருத்தும் நிலையத்தின் நாற்காலி மேலெழுவதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகிறது. அவர் தொடங்கிய ரோட்டரி லிஃப்ட் நிறுவனம் இன்றும் உயர்த்திகளைத் தயாரித்து வருகிறது.

தொடக்ககால உயர்த்திகளின் உருளை தரைக்கு அடியில் புதைக்கப்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரையின் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்படும் தூண் வகைகள் பரவலாயின. ஆழமாகத் தோண்டும் தேவை நீங்கியதால் வீடுகளிலும் உயர்த்தியை நிறுவுவது இயல்வதாயிற்று.

வகைகள்

வீட்டுப் பயன்பாட்டில் பின்வரும் வகைகள் காணப்படுகின்றன.

* இரு தூண் உயர்த்தி: இரு தூண்களிலிருந்தும் நீளும் நான்கு கைகள் வாகனத்தை அதன் சட்டகத்தில் தாங்குகின்றன. சக்கரங்கள் தொங்கும் நிலையில் இருப்பதால் சக்கரம், தடை, தொங்கல் அமைப்பு ஆகியவற்றில் வேலை செய்வது எளிது. தூண்களைத் தரையோடு பிணைப்பது கட்டாயமாகும்.
* நான்கு தூண் உயர்த்தி: வாகனம் தன் சக்கரங்களாலேயே இரு ஓடுதளங்களின் மீது ஏறி நிற்கிறது. ஒரு வாகனத்தின் கீழ் மற்றொன்றை நிறுத்தி வைக்க ஏற்றது. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் ஓடுதளங்களுக்கு இடையே தனியாக ஒரு ஜாக்கி தேவைப்படும்.
* கத்தரி உயர்த்தி: கத்தரிக்கோல் போல் விரியும் சட்டங்களால் ஆனது. தாழ்ந்த கூரைக்கு ஏற்றது. எனினும் வாகனத்தின் நடுப்பகுதியைச் சட்டங்கள் பெரும்பாலும் மறைத்துவிடும்.

இரு தூண் உயர்த்திகளில் மேலும் ஒரு பிரிவு உண்டு. இரு தூண்களும் சமமாக எழுவதற்கான எஃகு வடங்களும் எண்ணெய்க் குழாயும் சிலவற்றில் தரைத் தகட்டின் கீழும், சிலவற்றில் தலைக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்தின் வழியாகவும் செல்கின்றன. முதல் வகை குறைந்த உயரமுள்ள கொட்டிலுக்குப் பொருந்தும். இரண்டாம் வகையில் தரை தடையின்றி இருக்கும். ஆனால் அதற்குச் சுமார் 11 முதல் 12 அடி உயரமுள்ள கூரை தேவை.

கூரை உயரம்

தேவைப்படும் கூரை உயரம் என்பது வாகனத்தின் உயரம், சக்கரங்கள் தரையை விட்டு எழும் உயரம், பாதுகாப்பு இடைவெளி ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஆகும். எடுத்துக்காட்டாக, 145 செ.மீ. உயரமுள்ள ஒரு மகிழுந்தின் கீழ் நடுத்தர உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நின்று வேலை செய்ய, சக்கரங்கள் சுமார் 165 செ.மீ. எழ வேண்டும். 10 செ.மீ. இடைவெளியையும் சேர்த்தால் 320 செ.மீ., அதாவது ஏறத்தாழ பத்தரை அடி உயரம் தேவைப்படும். இதே மகிழுந்தை 8 அடி உயரமுள்ள கொட்டிலில் 89 செ.மீ. மட்டுமே உயர்த்த இயலும். அத்தகைய இடத்துக்கு உயரமான தூண்களை வாங்குவதால் பயனில்லை. கத்தரி உயர்த்தியே போதுமானது.

மேல்நோக்கித் திறக்கும் கொட்டில் கதவு, திறந்த நிலையில் கூரைக்குக் கீழே கிடையாக நிற்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். இதற்குத் தீர்வாகக் கதவின் தண்டவாளத்தைக் கூரையை ஒட்டி உயர்த்தி, அதன் மோட்டாரைச் சுவரில் பொருத்துவர்.

தரையின் வலிமை

இரு தூண் உயர்த்தியில் வாகனத்தின் எடை தூண்களுக்கு நேர் மேலே அமைவதில்லை. கைகளின் நுனியில் அமைகிறது. 2,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு வாகனத்தின் பாதி எடை ஒரு தூணிலிருந்து 75 செ.மீ. தொலைவில் தாங்கப்படுவதாகக் கொண்டால், அத்தூணை உட்புறமாகச் சாய்க்கும் திருப்புத்திறன் 750 கிலோகிராம்-மீட்டர் ஆகும். 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 10 மீட்டர் நீளமுள்ள சட்டத்தின் நுனியில் தொங்குவதற்கு இது சமம். இவ்விசையை எதிர்ப்பவை தூணின் அடித்தகட்டைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளே. அவை பிடித்திருப்பது காங்கிரீட்டையே. எனவே உயர்த்தியின் தாங்குதிறன் எவ்வளவு அதிகமாயினும், தரை தாங்கும் அளவே அதன் உண்மையான எல்லை ஆகும்.

9,000 முதல் 10,000 பவுண்டு தாங்குதிறன் கொண்ட உயர்த்திகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறைந்தது 4 அல்லது 4¼ அங்குலத் தடிப்பும், ஒரு சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அமுக்க வலிமையும் உள்ள காங்கிரீட்டைக் கோருகின்றனர். சரியான அளவை அந்தந்த மாதிரியின் கையேட்டில் காண வேண்டும். 4 அங்குலம் எனக் குறிக்கப்பட்ட வீட்டுத் தளங்கள் உண்மையில் அதனினும் மெல்லியதாக இருப்பதுண்டு. விளிம்பில் தடித்திருக்கும் தளம் நடுவில் மெலிந்தும் இருக்கலாம். ஆதலால் விலை கொடுப்பதற்கு முன்னரே, தூண்கள் அமையவிருக்கும் இடங்களில் சிறு துளையிட்டுத் தடிப்பை அளந்து பார்ப்பது நல்லது.

கலிபோர்னியா, டெக்சாசு போன்ற மாநிலங்களில் பல வீடுகளின் தளத்துக்குள் இழுத்துக் கட்டப்பட்ட எஃகு வடங்கள் உள்ளன. இத்தளத்தில் துளையிடும்போது வடம் அறுந்தால் அது பெரும் விசையுடன் வெளிப்பட்டு ஆளைக் காயப்படுத்தலாம், தளமும் வலுவிழக்கும். இவ்வகைத் தளங்களில் எச்சரிக்கை வாசகம் பெரும்பாலும் கொட்டிலின் தரையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். இங்கு சோதனைத் துளையும் இடலாகாது.

தளம் போதாதபோது, தூண்கள் நிற்கும் இடத்தை வெட்டி எடுத்து, ஆழமாகப் புதிய காங்கிரீட்டு இடுவர். அது முழு வலிமை பெற வழக்கமாக 28 நாட்கள் விடப்படுகிறது. ஆகவே இவ்வேலையை எந்திரம் வந்த பின்னர் அல்லாமல் அதற்கு முன்னரே முடிப்பது வசதியானது.

சான்றளிப்பு

வட அமெரிக்காவில் 1945இல் நிறுவப்பட்ட தானியங்கி வாகன உயர்த்தி நிறுவகம், ஏஎல்ஐ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. உயர்த்திகளின் வடிவமைப்பு, சோதனை, நிறுவுதல், ஆண்டு ஆய்வு ஆகியவற்றுக்கான தரங்களை இது பேணுகிறது. ஐரோப்பாவில் இஎன் 1493 என்னும் தரம் பின்பற்றப்படுகிறது.

சான்று முத்திரை உயர்த்தி முழுமைக்கும் உரியதா என்பதைக் கவனிக்க வேண்டும். மோட்டாரின் மீது மட்டும் ஒட்டப்பட்டுள்ள மின் பாதுகாப்பு முத்திரை, தூணும் கைகளும் பூட்டுகளும் சோதிக்கப்பட்டதைக் காட்டாது. ஏஎல்ஐ தன் சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியலை இணையத்தில் வெளியிடுவதால், வாங்க எண்ணும் மாதிரியின் எண்ணை அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரக்காக வந்து சேர்தல்

உயர்த்தி பெரும்பாலும் பல வணிகர்களின் சரக்குகளை ஒன்றாக ஏற்றிச் செல்லும் பகுதிச்சுமைச் சரக்குந்தில் அனுப்பப்படுகிறது. வழியில் ஒன்றுக்கு மேற்பட்ட முனையங்களில் ஃபோர்க்லிஃப்ட் கொண்டு இறக்கி ஏற்றப்படுவதால், சேதம் நேர வாய்ப்பு உண்டு. இரு தூண்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எஃகுச் சட்டங்களால் பிணைக்கப்பட்டு, சுமார் 12 அடி நீளமுள்ள ஒரே பொதியாக வருகின்றன.

சரக்குந்தின் பின்புறமுள்ள ஏந்துதளம் இவ்வளவு நீளமான பொதியை இறக்க ஏற்றதன்று. ஓட்டுநரும் பொதுவாக இறக்கித் தரக் கடமைப்பட்டவர் அல்லர். இதனால் வீட்டுக்கு வாங்குவோர் பின்வரும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

* ஃபோர்க்லிஃப்ட் உள்ள ஒரு வணிக முகவரிக்கு, அதன் உரிமையாளரின் இசைவுடன் வரவழைத்தல்.
* சரக்கு முனையத்துக்குத் திறந்த டிரெய்லருடன் சென்று, அங்குள்ள ஃபோர்க்லிஃப்ட் மூலம் ஏற்றி வருதல்.
* ஃபோர்க்லிஃப்ட்டை வாடகைக்கு அமர்த்தி வீட்டு வாசலில் இறக்குதல். இதில் வீட்டு முகவரிக்கான கூடுதல் கட்டணமும், ஓட்டுநரைக் காக்க வைத்தால் காத்திருப்புக் கட்டணமும் சேரலாம்.

பெறுகைச் சீட்டு

விற்பனை ஒப்பந்தத்தில் 'புறப்படும் இடத்தில் ஒப்படைப்பு' என்னும் நிபந்தனை இருப்பின், சரக்குந்தில் ஏற்றப்பட்ட கணத்திலிருந்தே இழப்பின் பொறுப்பு வாங்குபவரைச் சேரும். அதன் பின்னர் நேரும் சேதத்துக்கு அவர் சரக்கு நிறுவனத்திடமே ஈடு கோர வேண்டியிருக்கும். மாநிலங்களுக்கிடையிலான சரக்குப் போக்குவரத்தில் இப்பொறுப்பை 1906ஆம் ஆண்டின் கார்மாக் திருத்தம் வரையறுக்கிறது. இச்சட்டப்படி, ஈடு கோருவதற்குச் சரக்கு நிறுவனம் அளிக்கும் காலம் 9 மாதங்களுக்குக் குறையலாகாது.

எனினும் ஈடு கிடைப்பது பெரிதும் பெறுகைச் சீட்டில் எழுதப்பட்டதைப் பொறுத்தது. குறிப்பு எதுவுமின்றிக் கையொப்பமிட்டால், சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்ததற்கு அதுவே சான்றாகிவிடும். 'பரிசோதனைக்கு உட்பட்டது' என்று பொதுப்பட எழுதுவதால் பயன் மிகக் குறைவு. 'ஒரு தூணின் அடித்தகடு வளைந்துள்ளது', 'ஒரு பெட்டி குறைகிறது' என்றவாறு சேதத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கையொப்பமிடுமுன் பொதிகளை எண்ணி, தூண்களின் விளிம்பு, அடித்தகடு, எண்ணெய் உருளை, மோட்டார்ப் பெட்டி ஆகியவற்றைப் பார்த்து, சரக்குந்தில் இருக்கும் நிலையிலேயே படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பொதியைப் பிரித்த பின்னர் தெரியவரும் சேதம் மறைவுச் சேதம் எனப்படும். இதனைத் தெரிவிப்பதற்கான காலம் சரக்குத் துறையின் பொது விதிகளில் 2015ஆம் ஆண்டில் 15 நாட்களிலிருந்து 5 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னர் தெரிவித்தால், சேதம் வழியில்தான் நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை பெறுபவரைச் சேர்கிறது. தரை வேலை முடியட்டும் என்று பொதியைப் பிரிக்காமல் வைத்திருப்போர் இக்காலத்தைத் தவறவிடுவது எளிது. வளைந்த தூணை நிமிர்த்தியோ, வெடித்த பற்றவைப்பைச் சரிசெய்தோ பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று.

நிறுவுதல்

பொதியைப் பிரிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. பிணைப்புச் சட்டத்தின் போல்ட்டுகளைக் கழற்றியதும் மேலுள்ள தூண் உருண்டு விழக்கூடும். ஆகையால் அதனை எஞ்சின் தூக்கியின் வாரால் முதலில் பிடித்துக்கொண்டு, பின்னரே சட்டம் கழற்றப்படுகிறது.

ஆங்கர் போல்ட்டுகள் கையேட்டில் கூறப்பட்ட ஆழத்தில், குறிப்பிட்ட முறுக்குவிசையுடன் இறுக்கப்பட வேண்டும். முறுக்குவிசையை ஏற்காமல் ஒரு போல்ட்டு சுழன்றுகொண்டே இருப்பின், காங்கிரீட்டு அதனைப் பற்றவில்லை என்பது பொருள். தளத்தின் வெடிப்புகளுக்கும் இணைப்புக் கோடுகளுக்கும் அருகில் துளையிடுவதில்லை. பழைய உயர்த்தியை வாங்குவோர் அதனுடன் வந்த பழைய ஆங்கர் போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாகாது.

பல இரு தூண் உயர்த்திகளுக்கு 220 வோல்ட்டுத் தனி மின்சுற்று தேவை. எண்ணெய் பெரும்பாலும் உடன் அனுப்பப்படுவதில்லை.

பாதுகாப்பான பயன்பாடு

வாகனத்தின் தூக்கும் இடங்களை அதன் கையேட்டில் கண்டறிந்து கைகளைப் பொருத்திய பின், சக்கரங்கள் தரையை விட்டுச் சில அங்குலம் எழுந்ததும் நிறுத்தி, வாகனத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். வேண்டிய உயரத்தை அடைந்ததும் உயர்த்தியைச் சற்றே தாழ்த்தி, இரு தூண்களின் பூட்டுகளிலும் எடை அமர்ந்ததை உறுதி செய்த பின்னரே அடியில் செல்லலாம். பூட்டில் அமராத வாகனம் எண்ணெயின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. எஞ்சின், பின் அச்சு போன்ற கனமான பகுதியைக் கழற்றும்போது ஈர்ப்பு மையம் இடம் பெயர்ந்து வாகனம் சரியக்கூடும். எனவே அதற்கு முன்னர் உயரமான தாங்கிகளால் முட்டுக் கொடுப்பர்.

பணியிடங்களிலுள்ள உயர்த்திகளைத் தகுதி பெற்ற ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அமெரிக்கத் தரம். வீட்டு உயர்த்தியைத் தேடி இவ்வாறு எவரும் வருவதில்லை. போல்ட்டுகளின் இறுக்கம், வடங்களின் இழைகள், பூட்டுகளின் இயக்கம், எண்ணெய்க் கசிவு, அடித்தகட்டைச் சுற்றிப் புதிய வெடிப்பு ஆகியவற்றைக் குறித்த கால இடைவெளியில் பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பாகும்.