காய்ச்சல் போயிடுச்சு... இதயம்?

சிக்குன்குனியான்னு சொன்னா நம்மாளுங்களுக்கு டக்குனு ஞாபகம் வர்றது மூட்டுவலி தான். 2006ல எங்க லப்பைக்குடிக்காட்டுல தெருத்தெருவா வந்துச்சு. அப்ப நான் சின்னப்பையன். செவுத்தப் புடிச்சிகிட்டு நடந்த பெரியவங்கள இப்பவும் கண்ணுக்குள்ள பாக்கலாம். அந்த வருஷம் மட்டும் இந்தியா முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல சந்தேக நோயாளிங்கன்னு அரசுக் கணக்கு.

பேரே அந்த வலிய வச்சு வந்தது தான். 1952-53ல அப்போதைய டாங்கனிகாவுல, இப்ப தான்சானியா, மக்கொண்டே மக்கள் நடுவுல முதல்ல கண்டுபிடிச்சாங்க. "வளைஞ்சு போறது"ங்கற மாதிரி அவங்க பாஷையில அர்த்தம். ஆனா இந்தப் பேரே நம்ம கண்ணக் கட்டிடுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் முட்டியையே பாத்தோம். நெஞ்ச யாரும் பாக்கல.

இத்தனைக்கும் இந்தக் காய்ச்சலோட கதையில நம்ம பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. 1963ல கல்கத்தாவுல வந்தது, 1964ல மெட்ராஸ், வேலூர்னு இறங்குச்சு. வேலூர் சி.எம்.சி.யில கேரி, மையர்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கொள்ளைநோயக் கூடவே இருந்து கவனிச்சாங்க. சிக்குன்குனியாவும் டெங்குவும் ஒரே நேரத்துல ஊர்ல சுத்திகிட்டிருந்தது அவங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரே நோயாளிகிட்ட இருந்து ரெண்டு வைரஸையும் பிரிச்சு எடுத்து 1967ல 'சயின்ஸ்' இதழ்ல எழுதினாங்க. நம்ம வேலூர்ங்க!

அடுத்து 1965ல இலங்கை. அங்க தான் நம்ம விஷயம் ஆரம்பிக்குது. காய்ச்சல் வந்து போனவங்கள்ல சிலருக்கு மூச்சு வாங்குறது, நெஞ்சு படபடப்பு, இதயம் பெருத்துப் போறதுன்னு பிரச்சனைகள். ஒபேசேகர, ஹெர்மன்னு ரெண்டு டாக்டர்கள் இவங்களத் தனியா ஆராய்ஞ்சாங்க. டெங்கு, சிக்குன்குனியாவுக்கு அப்புறம் வர்ற இதயத் தசை அழற்சி பத்தி 1972ல பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல ஒரு கட்டுரை. அடுத்த வருஷம், அந்த மாதிரி நோயாளிகளத் தொடர்ந்து கவனிச்சு அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்ல இன்னொண்ணு.

வைரஸ் இதயத்தத் தாக்கும்ங்கறது அப்ப புதுசு இல்ல. 1948ல நியூயார்க் மாநிலத்துல காக்சாக்கிங்கற ஊர்க் குழந்தைங்ககிட்ட இருந்து டால்டார்ஃப், சிக்கில்ஸ் ரெண்டு பேரும் ஒரு புது வைரஸப் பிரிச்சாங்க. ஊர் பேரே வைரஸுக்கும் வந்துடுச்சு. அந்தக் குடும்பத்துல 'பி' வகை, பச்சக்குழந்தைங்களோட இதயத் தசையத் தாக்குறது 1950கள்ல தென்னாப்பிரிக்காவுல தெரிய வந்துச்சு. ஆனா கொசு கடிச்சு வர்ற காய்ச்சலும் அதையே செய்யும்னு சொன்னதுல இலங்கைக்காரங்க முன்னோடி.

எப்படி நடக்குது? ரத்தத்துல சுத்துற வைரஸ் இதயத் தசை வரைக்கும் போயிடலாம். அதத் துரத்திகிட்டு வர்ற நம்ம எதிர்ப்பு அணுக்கள் அங்கயே சண்டை போடும். அந்தச் சண்டையில தசையும் வீங்கும், அடிபடும். எங்க வேலை பாஷையில சொன்னா, ஆன்டிவைரஸ் வைரஸோட சேத்து நல்ல ஃபைலையும் அழிச்ச கதை :-) பெரும்பாலானவங்களுக்குத் தானா சரியாயிடும். சிலருக்குத் தசை தளந்து, பம்ப் பண்ற சக்தி குறைஞ்சுடும்.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். அந்த இலங்கை ஆய்வு பெரும்பாலும் ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் இருக்கான்னு பாத்ததத் தான் நம்பியிருந்துச்சு. அது 'காய்ச்சல் வந்திருக்கு'ன்னு சொல்லுமே தவிர, 'இதயத்துல பூந்தது இது தான்'னு அடிச்சுச் சொல்லாது. ஆனாலும் அந்த டாக்டர்களோட சந்தேகம் சரியான திசையில தான் இருந்துச்சு. 2005-06ல ரீயூனியன் தீவுல மூணுல ஒரு பங்கு ஜனத்துக்கு சிக்குன்குனியா வந்தப்ப, இதயத் தசை அழற்சியும் அங்க பதிவாச்சு.

அப்புறம் ஏன் நமக்குத் தெரியல? 1973ல மகாராஷ்டிராவுல பார்சிங்கற ஊர்ல வந்ததோட சிக்குன்குனியா இந்தியாவ விட்டு ஒதுங்கிடுச்சு. திரும்பித் தலையக் காட்டுனது 2005ல. 32 வருஷம்! ஒரு தலைமுறை டாக்டர்கள் அத நேர்ல பாக்காமலே வேலைக்கு வந்துட்டாங்க. கட்டுரை அலமாரியில இருந்துச்சு, ஞாபகம் தான் இல்ல.

எங்க தெருவுல மாமா முறை ஆகுற ஒருத்தர், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். 2006ல காய்ச்சல் விட்ட பிறகும் வெள்ளாத்துப் பாலம் தாண்டி திட்டக்குடி போய் வர்றதுக்குள்ள மூச்சு வாங்கும். "காய்ச்சல் அசதி, நல்லா சாப்பிடுங்க"ன்னு எல்லாரும் சொன்னாங்க. மாசக்கணக்கா வீசிங்குக்கு மாத்திரை. கடைசியா திருச்சியில எக்கோ எடுத்தப்ப இதயம் பெருத்திருந்துச்சு. காய்ச்சலால தானான்னு அப்புறம் யாராலயும் உறுதியா சொல்ல முடியல. சீக்கிரம் பாத்திருந்தா சொல்லியிருக்கலாம்.

எங்க ஊர்ல பாதி வீட்டு ஆம்பளைங்க வளைகுடாவுல. ஊர் நெலவரம் எல்லாம் போன்ல தான். "காய்ச்சல் விட்டுடுச்சும்மா?"ன்னு கேட்டு வச்சுடறோம். அதோட நிறுத்தாம இன்னும் நாலு கேள்வி கேளுங்க. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா? படுத்தா மூச்சு முட்டுதா? நெஞ்சு வலி, படபடப்பு இருக்கா? கால் வீங்குதா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க, 'போன வாரம் காய்ச்சல் இருந்துச்சு'ன்னும் மறக்காம சொல்லச் சொல்லுங்க. இ.சி.ஜி., ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் இப்ப பக்கத்து டவுன்லயே கெடைக்குது. இதயத் தசை அழற்சின்னு தெரிஞ்சா, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் சில மாசம் கடுமையான உழைப்பும் விளையாட்டும் கூடாது.

ஒபேசேகரவுக்கும் ஹெர்மனுக்கும் இ.சி.ஜி. இருந்துச்சே தவிர, ட்ரோபோனின் பரிசோதனை, இப்ப இருக்குற மாதிரி எக்கோ எல்லாம் கைக்கெட்டுன தூரத்துல இல்ல. காய்ச்சல் போன பிறகும் நோயாளிய விடாமப் பாத்தாங்க, அவ்வளவு தான். நாமளும் அதச் செஞ்சா போதும்.