படம் போச்சு, சத்தம் இருக்கு



போன செமஸ்டர் முழுக்க ஈரோடு பஸ்ஸில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பக்கத்து சீட் நண்பன் கேட்டான். "என்னடா, இளையராஜாவா?"

"இல்லடா. நாடகம். டிவி நாடகம்."

"டிவி நாடகத்தை எதுக்குடா கண்ணை மூடிட்டு பாக்கறே?"

நியாயமான கேள்விதான். பஸ் காவிரிப் பாலம் ஏறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாடகத்தின் பெயர் டாக்டர் ஹூ. பிரிட்டனின் பிபிசி 1963 நவம்பர் 23-ல் ஆரம்பித்த அறிவியல் புனைகதைத் தொடர். டாக்டர் என்று ஒருவர், வேற்றுக்கிரகத்துக்காரர். வெளியே பார்த்தால் பழைய போலீஸ் டெலிபோன் பெட்டி, உள்ளே போனால் பெரிய கப்பல். டார்டிஸ் என்ற அந்த வண்டியில் காலம், இடம் என்று எங்கே வேண்டுமானாலும் போவார். அது கிளம்பும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள்... கம்ப்யூட்டர் வேலை எல்லாம் இல்லை. பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் பழைய பியானோவின் கம்பிகளில் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்துப் பதிவு செய்தது!

முதல் கதையை இயக்கியவர் நம்ம ஊர்க்காரர். சரி, லக்னோக்காரர். பெயர் வாரிஸ் ஹுசைன். 1938-ல் லக்னோவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கிலாந்து போனவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். அந்தக் கால பிபிசியில் ஒரு பெண்ணும் ஒரு இந்தியரும் சேர்ந்து தொடங்கி வைத்த தொடர் இது. வாரிஸ் ஹுசைன் அடுத்து எடுத்தது 1964-ல் வந்த 'மார்க்கோ போலோ'. மொத்தம் 7 எபிசோடு, அதில் ஒன்றை மட்டும் வேறொருவர் இயக்கினார். பாமீர் மலையில் ஆரம்பித்து, கோபி பாலைவனம் தாண்டி, குப்லாய் கானின் அரண்மனை வரைக்கும் போகிற கதை. உடைகளும் செட்டுகளும் அவ்வளவு பிரமாதம் என்பார்கள்.

'என்பார்கள்' என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த 7 எபிசோடில் ஒன்றுகூட இன்று இல்லை. பிபிசியே அழித்துவிட்டது.

1967 முதல் 1978 வரை இந்த வேலை நடந்தது. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யலாம். நடிகர் சங்க ஒப்பந்தத்தால் பழைய நாடகத்தை நினைத்தபோதெல்லாம் மறு ஒளிபரப்பு செய்ய முடியாது. கலர் டிவி வேறு வந்துவிட்டது, கருப்பு வெள்ளையை யார் கேட்பார்கள்? வெளிநாட்டுக்கு விற்பதற்காக எடுத்து வைத்த பிலிம் பிரதிகளும், விற்கும் உரிமை முடிந்ததும் குப்பைக்குப் போயின.

பி.காம். மாணவனாக எனக்கு இதில் வில்லன் யாரும் தெரியவில்லை. கணக்கு தெரிகிறது. டேப் என்பது சொத்து, அதில் இருந்த நாடகம் சொத்து இல்லை. வருமானம் தராததைப் போக்கெழுத வேண்டும் என்றுதானே நாமும் படிக்கிறோம்? கணக்கு சரியாகத்தான் இருந்தது. பத்து வருடம் கழித்து வீட்டுக்கு வீடு வீடியோ பிளேயர் வரும் என்பதற்கு மட்டும் அதில் பத்தி இல்லை. முதல் ஆறு ஆண்டுகளில் வந்த 253 எபிசோடுகளில் தொண்ணூற்றுக்கும் மேல் இன்றும் காணோம். 2013-ல் நைஜீரியாவில் 9 கிடைத்தபோது உலகச் செய்தியானது.

ஆனால் ஒரு ஆச்சரியம். காணாமல் போன எபிசோடுகளின் சத்தம் மட்டும் ஒன்றுவிடாமல் இருக்கிறது!

காப்பாற்றியது பிபிசி இல்லை. ரசிகர்கள். அதில் பள்ளிக்கூடப் பையன்களும் உண்டு. டிவி முன்னால் மைக்கை வைத்து, சில பேர் டிவிக்குள்ளேயே ஒயரைக் கொடுத்து, டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். வரலாற்றைக் காப்பாற்றவா? அட நீங்க வேற. இன்னொரு தடவை கேட்கலாமே என்ற ஆசைதான். பிற்காலத்தில் அந்த டேப்புகளைச் சுத்தம் செய்து, நடுநடுவே வர்ணனை சேர்த்து பிபிசியே சிடியாக விற்றது. 'மார்க்கோ போலோ' 2003-ல் வந்தது. வர்ணனை, அந்தத் தொடரில் நடித்த வில்லியம் ரஸ்ஸல்.

நான் பஸ்ஸில் கேட்டது அதைத்தான். பாலைவனத்தில் மணல் புயல் வருகிற இடத்தில் கண்ணைத் திறந்தால் வெளியே பள்ளிபாளையம் :) 1964-ல் ஸ்டுடியோவில் கொட்டிய மணலைவிட என் பாலைவனம் பெரியது என்று அடித்துச் சொல்வேன்.

இது நமக்குப் புதிதும் இல்லை. மாரியம்மன் பண்டிகையில் மைக் செட்டில் 'திருவிளையாடல்' கதை வசனம் ஓடும்போது, நாகேஷ் முகத்தைப் பார்க்காமலேயே சிரித்தவர்கள்தானே நாம்? ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டுக்கொண்டே தறி ஓட்டியவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்!

சத்தத்தை நம்பி அந்தத் தொடர் பிழைத்த கதை இன்னொன்றும் உண்டு. 1989-ல் டிவியில் தொடரை நிறுத்திவிட்டார்கள். 1999-ல் பிக் ஃபினிஷ் என்ற சின்ன கம்பெனி உரிமம் வாங்கி, பழைய டாக்டர்களையே நடிக்க வைத்து புது ஒலி நாடகங்களை சிடியில் வெளியிட ஆரம்பித்தது. செட் செலவு இல்லை, உடை செலவு இல்லை. 1986-ல் டிவியிலிருந்து நீக்கப்பட்ட காலின் பேக்கருக்கு அங்கேதான் நல்ல கதைகள் கிடைத்தன. 1996-ல் ஒரே ஒரு டிவி படத்தில் நடித்த பால் மெக்கான், 2001 முதல் குரலாலேயே முழு டாக்டர் ஆனார். 2005-ல் தொடர் டிவிக்குத் திரும்பியபோது, 'டாலெக்' என்ற எபிசோடை ராபர்ட் ஷியர்மன் தன்னுடைய 2003 ஒலி நாடகத்திலிருந்துதான் உருவாக்கினார். வேண்டாம் என்று விட்ட பதினாறு வருடத்தில் கடைசி ஆறு வருடம் அதற்குச் சோறு போட்டது காதுதான்.

நம்ம பக்கமும் அந்த டேப் ரெக்கார்டர் வந்தது. 1965-ல், அதாவது 'திருவிளையாடல்' வந்த அதே வருடம், பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன்மார் சாமி கதையை, உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடியதை, டேப்பில் பதிவு செய்தார். 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாகப் போட்டது. பொன்னர் சங்கர் கதையை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பாடியிருப்பார்கள். அந்தப் பாட்டுகள் எல்லாம் பாடிய காற்றோடு போயிருக்கும். இந்த ஒன்று இருக்கிறது, ஒருவர் பட்டனை அழுத்தியதால்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன என் அமுச்சி நன்றாகக் கதை சொல்வாராம். மாமா ஒரு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். பிறகு யாரோ அதன் மேலேயே சினிமா பாட்டைப் பதிவு செய்துவிட்டார்கள். கேசட் விலை அப்படி. பாட்டு முடிகிற இடத்தில் ஒரு இருமல் மட்டும் மிச்சம் இருக்கிறது. அமுச்சியோட சத்தம் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதனால்தான் பிபிசியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கேசட் வாங்கும் செலவுகூட இல்லை, கையில் போன் இருக்கிறது. இந்த லீவில் அப்பத்தாவிடம், தாத்தாவிடம் ஒரு கதை கேளுங்கள். கேட்கும்போது பட்டனை அழுத்திவிடுங்கள். மேலே வேறு எதையும் பதிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.