சூனியத்திலிருந்து உலகம்? சற்காரியவாதமும் இயற்பியலின் வெற்றிடமும்

மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1781இல் மலாக்கா செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலும் அருகருகே நிற்கின்றன. உலகுக்குக் கர்த்தா ஒருவன் உண்டு என்பதில் இரண்டுக்கும் பிணக்கில்லை. எதைக் கொண்டு படைத்தான் என்று கேட்டால்தான் வழி பிரிகிறது. எதுவுமே இல்லாதிருந்து இறைவன் தன் நாட்டத்தால் உலகை உண்டாக்கினான் என்பது இஸ்லாமிய இறையியலாளர் கஸ்ஸாலி முதலியோர் வாதம். சைவ சித்தாந்தம் இதை ஏற்காது.

மெய்கண்டாரின் 13ஆம் நூற்றாண்டுச் சிவஞானபோதம் முதற் சூத்திரத்திலேயே கர்த்தாவை நிறுவுகிறது. ஆனால் சித்தாந்தத்தில் அவன் உலகின் மூலப்பொருள் அல்லன். மூலப்பொருள் மாயை, அதற்குத் தொடக்கமில்லை. காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் நுண்ணிலையில் உள்ளது என்னும் சற்காரியவாதமே இதற்கு அடித்தளம். இதைச் சிவஞானபோதத்தின் உரையான சிவஞான மாபாடியத்தில் சிவஞான முனிவர் (மறைவு 1785) விரித்தார்.

காரியத்துக்கு வேண்டிய மூவகைக் காரணங்களை விளக்க உரைகாரர்கள் குயவனைக் காட்டுவார்கள். மலாக்காவுக்கு ரப்பரே பொருந்தும். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து பெருகிய தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர் வாளியில் சுமந்துவந்த பாலில் ஆசிட் கலந்தால் அது உறையும், உருட்டினால் ஷீட். பால் முதற்காரணம், ஆசிட்டும் தட்டும் துணைக்காரணம், உறைய வைப்பவர் நிமித்த காரணம். பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ரப்பர் ஏற்கெனவே இருக்கிறது. வெறும் தண்ணீரில் எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் ஷீட் வராது.

இயற்பியலோ சூனியத்திலிருந்தே உலகம் வரலாம் என்பதுபோல் பேசுகிறது. 1973இல் இயற்பியலாளர் எட்வர்ட் டிரையன் 'நேச்சர்' இதழில் ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார்: பிரபஞ்சமே வெற்றிடத்தில் நேர்ந்த குவாண்டம் அலைவாக இருக்கலாம். பொருளின் நேர் ஆற்றலை ஈர்ப்பின் எதிர் ஆற்றல் ஈடுசெய்தால் மொத்தம் சுழியம். 1982இல் இயற்பியலாளர் அலெக்சாண்டர் விலென்கின் மேலும் போய், இடமும் காலமும் இல்லாத நிலையிலிருந்தே தொடங்கினார். 2012இல் வெளிவந்த லாரன்ஸ் கிராஸின் நூல் இச்சிந்தனையைப் பரவலாக்கியது.

இவற்றால் சற்காரியவாதம் வீழ்ந்ததா? இல்லை. டிரையனின் வெற்றிடத்தில் புலங்கள் உண்டு. மிக நெருங்கிய இரு உலோகத் தகடுகளை அந்த வெற்றிடம் ஒன்றையொன்று நோக்கித் தள்ளும் என்று காசிமிர் 1948இல் கணித்ததை, லாமரோ 1997இல் அளந்தே காட்டினார். விலென்கினுக்கோ குவாண்டம் விதிகள் முன்கூட்டியே தேவை. சித்தாந்தி மறுக்கும் சூனியத்தில் இவை எதுவும் கிடையாது.

அதற்காக, மேடைப் பேச்சுகளில் எளிதாகச் சொல்லிவிடுவதுபோல், குவாண்டம் வெற்றிடம்தான் மாயை என்று கொண்டாடுவதும் பிழை. மாயை சடம், சிவசக்தி தொழிற்படுத்தாமல் அது இயங்காது. வெற்றிட அலைவுகளுக்கு இயற்பியலில் தூண்டுபவர் தேவையில்லை. ஆக, சித்தாந்திக்கு நெருக்கடி வருவது அவர் எதிர்பார்க்கும் பக்கத்திலிருந்து அல்ல: முதற்காரணம் பிழைத்துக்கொள்கிறது, நிமித்த காரணம்தான் சிக்கிக்கொள்கிறது.

அருணந்தி சிவாசாரியார் பிற மதங்களை மறுக்கும் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் முதலில் எதிர்கொண்டது, பூதங்கள் தம் இயல்பிலேயே கூடி உலகாகும் என்ற உலகாயதனை. டிரையனுக்குப் பின் அந்த உலகாயதன் சமன்பாடுகளோடு திரும்பி வந்திருக்கிறான். சூனியவாதியை மறுக்கத் தொகுத்த விடைகளை அவனிடம் நீட்டிப் பயனில்லை. சடமானது தானே இயங்காது என்பதற்குப் புதிய நிறுவல் வேண்டும்.