எல்லை மாற்றமும் பல்கலைக்கழகச் சட்டநெறியும்: கொள்ளேகால் வழி ஒரு நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழகம் என்பது சட்டத்தால் பிறந்து சட்டத்தின்படி இயங்கும் அமைப்பாகும். பட்டம் வழங்கல், கல்லூரிகளுக்கு இணைவு அளித்தல், ஆசிரியரை அமர்த்தல் ஆகிய அனைத்தும் சட்டம் அளித்த அதிகாரத்துக்கு உட்பட்டவை. எனவே எந்தச் சட்டம், எந்த நாளிலிருந்து, எந்த நிலப்பரப்பில் செல்லும் என்பதைப் பல்கலைக்கழக நிருவாகம் முதற்கண் அறிதல் வேண்டும். இவ்வினாவின் அருமையை உணர்த்தும் சான்றாகக் கொள்ளேகால் விளங்குகிறது.

எல்லையும் சட்டமும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட கொள்ளேகால், கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அது மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. எல்லை ஒரே நாளில் மாறியது. சட்டங்கள் அவ்வாறு மாறவில்லை. ஒரு நிலப்பகுதி மாநிலம் மாறியதனாலேயே அங்குச் செல்லும் சட்டம் மாறிவிடாது என்றும், உரிய சட்டமன்றம் வேறு வகை செய்யும்வரை பழைய சட்டமே தொடரும் என்றும் அச்சட்டத்தின் 119ஆம் பிரிவு வரையறுத்தது.

இதனால் கருநாடகச் சட்டங்களில் 'மங்களூர் - கொள்ளேகால் பகுதி' என்னும் தனிப்பெயர் நிலைபெற்றது. 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் இப்பகுதியில் நீடித்து, 1997ஆம் ஆண்டின் கருநாடக அறநிலையச் சட்டத்தாலேயே நீக்கப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

பல்கலைக்கழக எல்லை

1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, மைசூர் அரசின் கல்லூரிகள் 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றிருந்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நிலை எதிர்மாறாயிற்று. சென்னையை நோக்கியிருந்த கொள்ளேகாலின் உயர்கல்வி, மாநில மாற்றத்தை ஒட்டி மைசூரை நோக்கித் திரும்பியது. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வில் தேறியவர் பிறிதொன்றில் பயில வேண்டுமாயின், முன்னைய தேர்வின் நிகர்மை ஏற்கப்பட வேண்டும். எல்லை மாற்றம் மாணவர் வாழ்வைத் தொடுவது இவ்விடத்திலேயாம்.

கொள்ளேகால் மைசூரோடு இணைந்த ஐந்தாம் நாள், 1956 நவம்பர் 5இல், பல்கலைக்கழக நல்கைக் குழுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்பின் மாநிலச் சட்டம், நடுவண் சட்டம் என்னும் இரண்டுக்கும் பல்கலைக்கழகங்கள் கட்டுப்பட்டன. அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் (1976) கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டு சென்றதால் இவ்விரட்டை நிலை மேலும் வலுப்பெற்றது. கருநாடகத்திலோ தனித்தனிப் பல்கலைக்கழகச் சட்டங்களின் இடத்தில் 1976ஆம் ஆண்டின் பொதுச்சட்டமும், அதன் இடத்தில் 2000ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. கொள்ளேகால் அடங்கிய சாமராசநகர் மாவட்டம் 1997இல் உருவாகி, 2023இல் அங்குத் தனிப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டது.

மொழி நிலையும் எண்ணத்தக்கது. 1956 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது திருத்தம், 350அ என்னும் உறுப்பின்வழி மொழிச் சிறுபான்மையினர் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வழிவகுத்தது. அவ்வுறுப்பு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. எல்லைப்புறத் தமிழ் மாணவர் பல்கலைக்கழகத்தை அடையும்போது அதன் துணை அவருக்கு இல்லை.

விளம்பரமும் விதியும்

சட்டம் எது, சட்டமல்லாதது எது என்னும் வினாவும் மைசூரிலேயே எழுந்தது. 1959இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட விளம்பரத்தின்வழி நிகழ்ந்த ஆங்கிலத் துறை இணைப்பேராசிரியர் நியமனம் ஒன்றை, விளம்பரத்தில் குறித்த தகுதி அவருக்கு இல்லை எனக் கூறி உயர் நீதிமன்றம் நீக்கியது. 'மைசூர்ப் பல்கலைக்கழகம் எதிர் கோவிந்தராவ்' என்னும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இல் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டவிதி மீறப்பட்டதாகக் காட்டப்படாத நிலையில் நியமனத்தை நீக்குதல் பொருந்தாது என்றும், கல்வியாளர் குழுவின் முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடலாகாது என்றும் அது கருதியது.

இத்தீர்ப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த வரம்பற்ற உரிமையாகக் கொள்ளுதல் பிழையாகும். குசராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம், நல்கைக் குழுவின் ஒழுங்குமுறைகளுக்கு மாறானது என 2022இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. மாநிலச் சட்டத்தைக் காட்டியும் அந்நியமனத்தைக் காக்க இயலவில்லை. முன்னதில் சட்டவலிமை பெற்ற விதி எதுவும் காட்டப்படவில்லை. பின்னதில் அத்தகைய விதி இருந்தது. இரண்டு தீர்ப்புகளும் இவ்வகையில் ஒரே நெறியின்பாற் பட்டனவே எனலாம்.

முடிவுரை

பழைய விதி நீங்கியதா, புதியது எந்நாள் முதல் செல்லும், அதற்குச் சட்டவலிமை உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை ஆவணங்களிலேயே உள்ளது. அவ்வாவணங்களைப் பேணாத பல்கலைக்கழகம் அறியாமலேயே சட்டத்தை மீறக்கூடும். அதன் இழப்பு மாணவருடைய சான்றிதழிலும் ஆசிரியருடைய பணியிலும் சென்று முடியும். நிலப்படத்தில் ஒரே நாளில் இடம் மாறிய கொள்ளேகால், சட்ட ஏடுகளில் பல பதிற்றாண்டுகள் தன் பழைய தொடர்பைச் சுமந்து நின்றமை உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.