ஓட்டும் உரிமையும் அதன் எல்லையும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பாதை கம்பம்மெட்டில் கேரள எல்லையைத் தொடுகிறது. கிழக்கே தேனி மாவட்டத்தின் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும். மேற்கே இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்கள். தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் காலையில் ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. அத்தனை பேர் உயிரும் டிரைவர் ஒருவரின் தெளிந்த கண்ணை நம்பியிருக்கிறது.

இவ்வெல்லையில் மதுச் சட்டம் மாறுவதுண்டு. மோட்டார்ச் சட்டம் மாறுவதில்லை. 1967-இல் கேரளம் மதுவிலக்கை நீக்கிற்று. தமிழ்நாடு 1971 வரை அதைக் கைவிடவில்லை. ஆகவே அந்நான்கு ஆண்டுகளும் ஒருபுறம் குற்றமாயிருந்த குடி மறுபுறம் குற்றமாகவில்லை. எனினும், போதையில் வண்டி ஓட்டுவது இருபுறமும் குற்றமாகவே இருந்தது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இரு ராஜ்யங்களுக்கும் பொதுவன்றோ?

அச்சட்டத்தின் 117-ஆம் பிரிவு, வண்டியை அடக்கி ஓட்ட இயலாத அளவு போதையுற்றவரையே தண்டித்தது. அவ்வளவை அறிவது எங்ஙனம்? வாயின் நெடியும், தள்ளாடும் நடையும், குழறும் பேச்சுமே சாட்சிகளாயின. இவை மாத்திரம் போதா என்று 1971-இல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர வழக்கொன்றில் கூறிற்று. பின்னர் வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம், இரத்தத்தில் மது எத்துணைச் சிறிதாயினும் குற்றமே என்றது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குற்றம் என வரம்பு கட்டிற்று.

குற்றம் மெய்ப்பட்டபின் எழுவது வேறொரு கேள்வி. லைசென்ஸை அறவே பறித்தால் டிரைவர் வீட்டில் அடுப்பெரியாது. பறிக்காவிடின் பிறர் வீட்டில் ஒப்பாரி எழக்கூடும். இரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டா?

நியூஸிலாந்தில், தடையினால் கடுந்துன்பம் நேரும் என்று காட்டுவோரில் தகுதியுள்ளவர்க்கு நீதிமன்றம் வரையறுத்த உரிமம் வழங்குகிறது. எந்த வண்டி, எந்த நேரம், எந்த வேலை என்பது அதில் குறிக்கப்படும். கலிபோர்னியா 1986-இல் இயற்றிய சட்டம், டிரைவரின் மூச்சைச் சோதிக்கும் கருவியை வண்டியிற் பொருத்த வழிசெய்தது. மூச்சில் மது தெரிந்தால் எஞ்சின் இயங்காது.

நமது சட்டத்தில் நேரத்திற்கும் வழிக்கும் இத்தகைய சலுகை இல்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, குடித்து ஓட்டிய குற்றத்திற்குக் குறைந்தது ஆறு மாதத் தடையை நீதிமன்றம் விதித்தே ஆகவேண்டும். ஆனால் அத்தடை எல்லா வண்டிகளுக்கும் ஆகலாம். குறித்த ஒரு வகை வண்டிக்கு மட்டும் ஆகலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கவும் மாற்றவும் கூடும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், 2,000 ரூபாய் வரை என்றிருந்த முதற் குற்றத்திற்கான அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்திற்று. போலீஸார் அனுப்பும் லைசென்ஸை அதிகாரி முதன்முறை மூன்று மாதம் முடக்கலாம். மறுமுறை ரத்துச் செய்யலாம். முடக்கிய லைசென்ஸைத் திரும்பப் பெறப் புத்தாக்கப் பயிற்சி முடித்தல் வேண்டும்.

வெளி ராஜ்யங்களில் வண்டியோட்டிப் பிழைக்கும் நம்மவர் இதை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். லைசென்ஸ் பாரதம் முழுதும் செல்லும். தடையும் அவ்வாறே செல்லும். தமிழகத்திற் பெற்ற தடையைக் கம்பம்மெட்டு கடந்தாலும் உதற முடியாது. பம்பாயிலோ பெங்களூரிலோ புது லைசென்ஸ் எடுத்து மறைக்கவும் முடியாது.

விருந்தாயினும் துக்கமாயினும், குடித்த இரவில் சாவியைப் பிறரிடம் கொடுப்பவர் ஒரு நாட் கூலியை இழப்பார். கொடாதவர் இழப்பது ஆறு மாதக் கூலி. அதுவும் யாருக்கும் உயிர்ச்சேதம் நேராதிருந்தால்தான்.