தொடர்கதை மாந்தரின் மரணமும் தமிழ் வாசகரும்

முன்னுரை

வார இதழிலோ மாத இதழிலோ பகுதி பகுதியாக வெளிவரும் கதையைத் தொடர்கதை என்கிறோம். இன்று அதே முறையில் படக்கதைகள் கைப்பேசித் திரையில் வாரந்தோறும் வருகின்றன. தமக்குப் பிடித்த பாத்திரம் இறந்துவிட்டால் இளம் வாசகர் அழுகிறார்கள், கோபப்படுகிறார்கள், படைத்தவரிடம் நியாயம் கேட்கிறார்கள். "இல்லாத ஒருவருக்காக இப்படியா அழுவது?" என்று பெரியவர்கள் கேலி செய்வதும் உண்டு.

அந்தப் பெரியவர்களின் வீட்டுப் பரணிலேயே இதற்கு விடை இருக்கிறது. வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்த தலைமுறை அது. கதைமாந்தருக்காக அழுவதும் முடிவைப் பற்றிக் கதாசிரியரோடு வழக்காடுவதும் தமிழருக்குப் புதியவை அல்ல. அச்சு வருவதற்கு முன்பே தொடங்கிய அந்த வழக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

அச்சுக்கு முன்: படுகளம்

வடதமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பல இரவுகள் தொடர்ந்து நடைபெறும். ஓர் இரவு ஒரு கதை, மறு இரவு அதன் தொடர்ச்சி என்பதால் இதுவும் ஒருவகைத் தொடர்கதையே. நிறைவு நாளில் துரியோதனன் படுகளம். திறந்த வெளியில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுத்த நிலையில் அமைப்பார்கள். அதன்மேல் போர் நடிக்கப்படும். துரியோதனன் தொடை பிளந்து வீழ்வான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பதும், மண்ணுருவத்தைத் துடைப்பத்தால் அடிப்பதும் இந்நிகழ்வின் பகுதிகள். ஒரே மரணத்துக்கு மகிழ்ச்சி, இரக்கம், சினம் ஆகிய மூன்றையும் மக்கள் அங்கே வெளிப்படுத்துகிறார்கள்.

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கர் இருவரும் இளமையிலேயே மாண்டுபோகிறார்கள். தங்கை அருக்காணித் தங்காள் அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசுவாள். மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூர் இக்கதையோடு தொடர்புடைய தலம். படுகள நிகழ்ச்சியில் கதையின் வீரர்களைப் போலவே மக்களும் மயங்கி வீழ்ந்து பின்னர் எழுப்பப்படுகிறார்கள். கதைமாந்தரின் சாவுக்கு இதைவிட ஆழமான மறுமொழி இருக்க முடியாது.

இவ்விரு வழக்கங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மக்கள் மரணத்தை மறுப்பதில்லை. அந்த மரணத்துக்கு ஒரு காரணமும், துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஒரு முறையும் வேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்கள்.

சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு திருப்பம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், சேர்வராயன் மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னர், மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவை இன்றும் காணலாம். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய இந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. 1950-இல் வெளிவந்த 'மந்திரி குமாரி' அவற்றுள் ஒன்று. மு. கருணாநிதி எழுதிய இப்படத்தின் கரு, ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியிலிருந்து எடுக்கப்பட்டது. குண்டலகேசி நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. கதை மட்டும் பிற நூல்கள் வழியே நிலைத்துவிட்டது.

கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துச் செல்கிறான். கீழே தள்ளிக் கொல்வதே அவன் எண்ணம். அதை அறிந்துகொண்ட அவள், சாகுமுன் கணவனை வலம் வர விரும்புவதாகச் சொல்லிப் பின்புறம் சென்று அவனையே தள்ளிவிடுகிறாள். காப்பியக் காலத்துத் திருப்பம் திரையரங்கிலும் எடுபட்டது. கணவன் வீழ்ந்ததற்காக எவரும் வருந்தவில்லை. படுகளத்தில் கண்ட அதே கணக்குதான் இங்கும்: நியாயமான சாவு என்று தோன்றினால் மக்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நியாயம் விளங்காத சாவுதான் அவர்களைக் கடிதம் எழுத வைக்கிறது. அந்தக் கடிதங்களின் காலம் இதழ்களோடு வந்தது.

இதழ்களும் காத்திருப்பும்

பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று இது. ஆயினும் தொடர்கதையை வீட்டுக்கு வீடு கொண்டுசென்ற பெருமை, பின்னர் வந்த 'ஆனந்த விகடன்', 'கல்கி' முதலிய இதழ்களுக்கே உரியது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் 'தியாகபூமி' 1938–39-இல் விகடனில் வந்தபோது, அதே கதை திரைப்படமாகவும் தயாராகிக்கொண்டிருந்தது. படத்தின் காட்சிகளே கதைக்குப் படங்களாக அச்சாயின. 1941-இல் அவர் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

தொடர்கதையின் ஆற்றல் அதன் இடைவெளியில் இருக்கிறது. முழு நூலாகப் படிப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். வார இதழ் வாசகர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் கதைமாந்தர் அவருடைய வீட்டிலேயே குடியிருப்பார்கள். திண்ணையிலும் அலுவலகத்திலும் கிணற்றடியிலும் அவர்களைப் பற்றிய பேச்சு நடக்கும். ஏற்காடு போன்ற மலையூர்களுக்கோ இதழ் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகிய ஒருவர் திடீரென்று இறந்துபோனால், அது வெறும் கதை என்று மனம் ஒப்புவதில்லை.

பொன்னியின் செல்வனும் அதன் முடிவுரையும்

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 வரை, மணியம் வரைந்த ஓவியங்களோடு, மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகக் 'கல்கி' இதழில் வெளிவந்தது. இதில் இரண்டு மரணங்கள் நம் பொருளுக்கு முக்கியமானவை.

முதலாவது ஆதித்த கரிகாலனின் கொலை. கரிகாலன் வரலாற்றில் வாழ்ந்த இளவரசன்; அவன் கொல்லப்பட்டதும் வரலாறே. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சுட்டிக் குறிக்கிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகளைப் பறிமுதல் செய்வது பற்றியும் பேசுகிறது. ஆகவே கரிகாலனைப் பிழைக்க வைக்கும் உரிமை கல்கிக்கு இல்லை. கொலை நடந்த விதத்தை மட்டும் அவர் தம் கற்பனைக்கு எடுத்துக்கொண்டார். நந்தினி என்ற பாத்திரத்தைப் படைத்தார். பழி வந்தியத்தேவன் மேல் விழச் செய்தார். பெரிய பழுவேட்டரையர் தாமே காரணம் என்று ஏற்கவும் செய்தார். ஆயினும் 'கொன்றது யார்?' என்ற ஐயம் வாசகருக்கு முழுமையாகத் தீர்வதில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விவாதம் ஓயவில்லை.

இரண்டாவது மணிமேகலையின் மரணம். வந்தியத்தேவன் மேல் அன்பு வைத்துச் சித்தம் கலங்கி இறக்கும் இவள் முழுக்கக் கல்கியின் கற்பனை. அவளைக் கொல்லச் சொல்லி எந்தக் கல்வெட்டும் ஆசிரியரைக் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும் அவளுடைய சாவோடுதான் கதை முடிகிறது. செந்தன் அமுதனே உண்மையான உத்தமசோழன் என்ற பெருந்திருப்பத்தை ஏற்றுக்கொண்ட வாசகருக்கு, இவ்வாறு கதை நின்றது மனநிறைவு தரவில்லை. குந்தவையும் வந்தியத்தேவனும் என்ன ஆனார்கள், நந்தினி எங்கே போனாள் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள்.

கல்கி அவர்களை அலட்சியப்படுத்தவில்லை. தனியே ஒரு முடிவுரை எழுதி, கதைமாந்தரின் பிற்கால வாழ்வைத் தொகுத்துக் கூறினார். ஆனால் ஒருவரையும் உயிர்ப்பிக்கவில்லை, முடிவையும் மாற்றவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானார். பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' நாவலில் அந்தச் சோழர் கதையைத் தொடர்ந்தார். வாசகரின் கேள்வி புதிய நூலுக்கு வழிவிட்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பிள்ளைகளுக்குப் பெயரான அரவிந்தன்

நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் 'கல்கி' இதழில் எழுதிய தொடர் 'குறிஞ்சி மலர்'. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் பூவின் பெயர் அது. சேர்வராயன் மலையிலும் குறிஞ்சி உண்டு. கதையின் தலைவன் அரவிந்தன் இலட்சியவாதி. பூரணியை மணக்கும் முன்பே நோயில் இறந்துவிடுகிறான்.

அரவிந்தனின் இறப்பு வாசகரை உலுக்கியது. அவர்கள் காட்டிய மறுமொழியோ வியப்புக்குரியது. தமிழ்நாட்டில் பலர் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். கதையில் மறைந்தவனை வீட்டுத் தொட்டிலில் மீண்டும் அழைத்துக்கொண்டார்கள் எனலாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுள்ள சமூகத்துக்கு இது இயல்பாகவே வந்தது. பின்னாளில் இக்கதை தொலைக்காட்சித் தொடரானபோது அரவிந்தனாக மு.க. ஸ்டாலின் நடித்தார்.

ஜெயகாந்தன்: ஒரு முடிவுக்கு மறுமுடிவு

வாசகரின் எதிர்ப்பு சாவுக்கு மட்டும் எழுவதில்லை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழை நாளில் காரில் வந்த அந்நியன் ஒருவனிடம் தன்னை இழந்து திரும்பும் மகளின் தலையில் தாய் நீரூற்றி, 'நீ தூய்மையானவள்' என்று ஏற்றுக்கொள்வதோடு கதை முடிகிறது. எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா என்ற கண்டனம் பலமாக எழுந்தது. வேறு முடிவு கொடுத்து மறுகதை எழுதியவர்களும் உண்டு.

ஜெயகாந்தன் மறுப்புக் கட்டுரையோடு நிற்கவில்லை. அந்தத் தாய் மகளை ஏற்காமல் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு ஒரு நாவலே எழுதினார். அதுவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதன் நாயகி கங்கா படித்து, வேலைக்குப் போய், வாழ்நாள் முழுவதும் ஊர்ப்பேச்சைச் சுமக்கிறாள். எதிர்த்தவர்கள் கேட்ட முடிவு எவ்வளவு கொடியது என்பதை அவர்களுக்கே காட்டிய படைப்பு இது. 1972-இல் இதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 'கங்கை எங்கே போகிறாள்' என்ற தொடர்ச்சியும் வந்தது.

பிற நாடுகளில்

ராஜமய்யரின் தொடர் தொடங்கிய அதே 1893-இன் டிசம்பரில், இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் கொதித்தெழுந்தனர். பத்தாண்டு கழித்து, 1903-இல், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று சொல்லி அவரை மீட்டு வந்தார் ஆசிரியர்.

அமெரிக்கப் படக்கதை உலகில் 1988-இல் இன்னொன்று நடந்தது. பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் பிழைக்கலாமா, சாகலாமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தார்கள். சாகட்டும் என்று 5,343 வாக்குகள். பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வாக்கு வேறுபாட்டில் ஒரு பாத்திரத்தின் உயிர் போனது. ஹோம்ஸ் விஷயத்தில் ஆசிரியர் வாசகருக்கு இணங்கினார். ஜேசன் விஷயத்தில் பொறுப்பையே வாசகரிடம் கொடுத்துவிட்டார்கள்.

முடிவுரை

மேலே கண்ட தமிழ் எழுத்தாளர்கள் இவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. கல்கி விளக்கம் தந்தார், நா. பார்த்தசாரதி அரவிந்தனின் முடிவை மாற்றவில்லை, வாசகரே தம் வழியில் ஆறுதல் தேடிக்கொண்டார்கள். ஜெயகாந்தன் வாதத்துக்கு வாதமாக நாவல் தந்தார். வாசகரை மதித்தார்கள், முடிவை மட்டும் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அந்த மரணங்களும் திருப்பங்களும் இன்றும் பேசப்படுகின்றன. மணி ரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படங்கள் 2022, 2023-இல் வந்தபோது மணிமேகலை இல்லை, செந்தன் அமுதனின் திருப்பமும் இல்லை. உடனே குறையைச் சுட்டிக்காட்டியவர்கள் நாவலைப் படித்தவர்கள்தாம்.

எனவே கைப்பேசியில் படக்கதை படித்துக் கண்கலங்கும் மாணவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அவருடைய அழுகைக்குப் படுகளம் வரை நீளும் மரபு உண்டு. அம்மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மரணத்துக்குக் கதைக்குள் நியாயம் இருக்கிறதா, அல்லது நம்மை அதிரவைக்க மட்டும் வந்ததா? இதைப் பிரித்தறியத் தெரிந்தவரே நல்ல வாசகர். நியாயம் இல்லையென்று தோன்றினால் ஆசிரியருக்குத் தாராளமாக எழுதலாம். அல்லது விக்கிரமனைப் போலத் தாமே அடுத்த கதையை எழுதத் தொடங்கலாம்.